தண்ணீருக்கு அடியில் போகும் ரோடு

1

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகன் கதிரும் கடலுக்கு நடுவில் இரண்டு சைக்கிள்களோடு மாட்டிக்கொண்டோம். தப்பு என்னுடையது.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஓர் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய ஊர். இங்குள்ள சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபத்தெட்டு வயது. மனைவி போய் ஆறு வருடமாகிறது. கதிர் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு தடித்த டயரும் சின்ன மோட்டாரும் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்து, 'இது கிராவல் பைக் அப்பா' என்றான். கிராவல் என்ற சொல்லை நான் கடைசியாக வாய் நிறையச் சொன்னது பரமத்தி வேலூர்ப் பக்கத்தில், லாரியிலிருந்து செம்மண் சரளை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது. இங்கே அதற்கென்று ஒரு சைக்கிளே செய்கிறார்கள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவன் வருகிறான். ஆற்றங்கரை மேல் சரளைப் பாதை. ஒரு பக்கம் கோதுமை வயல், மறு பக்கம் சதுப்பு. மாடு தாண்டாமல் இருக்க அங்கங்கே படல் வைத்திருப்பார்கள். இறங்கித் திறந்து, போய், மறுபடி சாத்த வேண்டும். எங்களுக்குள் அதற்கு முன்பு அதிகம் பேச்சு இல்லை. அவனுக்குத் தமிழ் பாதி தெரியும், எனக்கு அவன் உலகம் பாதி தெரியும். இப்போது 'இந்தப் பக்கம் போகலாமா, அந்தப் பக்கம் போகலாமா' என்று பேச ஒரு பொருள் இருக்கிறது.

கழிமுகத்தில் ஒரு தீவு உண்டு. கரையிலிருந்து அதற்குப் போக ஒரு தாழ்ந்த ரோடு. கடல் ஏறும்போது அந்த ரோடு தண்ணீருக்கு அடியில் போய்விடும், இறங்கினால் வெளியே வரும். ஒரு நாளைக்கு இரண்டு முறை. எந்த நேரத்துக்குமேல் போகக்கூடாது என்று இரண்டு முனையிலும் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் தீவுக்குப் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது கதிர் பலகையின் முன்னால் நின்றுவிட்டான்.

"அப்பா, டைம் தாண்டிடுச்சு. வெயிட் பண்ணலாம்."

"என்னத்துக்கு? ரோடு காஞ்சு கெடக்குது."

"இப்ப காஞ்சிருக்கு. தண்ணி வரும்."

"மழை பேஞ்சு பத்து நாளாச்சு. தண்ணி எங்கிருந்து வரும்?"

"கடல்ல இருந்து அப்பா."

எனக்குத் தெரியாதா? நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் இருக்கிறேன். கடல் ஏற்றத்தைக் கணக்கில் வைத்துப் பாதை போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் என் கண் வானத்தைத்தான் பார்த்தது. வானம் வெளுத்திருந்தது. ஏறி மிதித்துவிட்டேன். அவனும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தான்.

பாதி தூரத்தில் தண்ணீர் வந்தது. ஊரில் நாங்கள் பார்த்த வெள்ளம் நுரையும் சருகுமாகச் செந்நிறத்தில் இரைச்சலோடு வரும். இது சத்தமே இல்லாமல் இரு பக்கமும் புல்லுக்குள்ளிருந்து கசிந்து, ரோட்டின் நடுவில் சேர்ந்துகொண்டது. சதுப்பின் வாய்க்கால்களில் தண்ணீர் கடலிலிருந்து உள்பக்கமாக, ஓட வேண்டிய திசைக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கி நின்றுவிட்டேன். கதிர் என் சைக்கிளைத் திருப்பி, என் முதுகில் கை வைத்துத் தீவுப் பக்கமே கூட்டிப்போனான். முழங்கால் வரை நனைந்திருந்தோம்.

இனி நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பலகைக்கு அடியில் உட்கார்ந்தோம். ரோடு கண்ணெதிரே மறைந்தது. கதிர் திட்டவில்லை. சாக்ஸைப் பிழிந்துகொண்டே, "நீங்க ரோடு இன்ஜினியர்தானே? தண்ணிக்கு அடியில போற மாதிரி ரோடு யாரு அப்பா போடுவாங்க?" என்றான்.

"நான் போட்டிருக்கறேன்" என்றேன்.

2

உங்களில் அந்தப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் ரோடு எதுவென்று புரிந்துகொள்வீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதை இன்றும் 'ஓவர்சியர் ரோடு' என்று என் நினைவாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் என்னை அரிப்பது.

எழுபதுகளின் நடுவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு வேலை. பி.ஈ. படித்திருந்தாலும் ஊருக்கு நான் ஓவர்சியர்தான். எங்கள் பூமி பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனம், வெற்றிலையும் வாழையும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது வடக்கே மேட்டாங்காட்டுச் சிற்றூரில். அங்கே கம்பும் நிலக்கடலையும்தான். அந்த ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு வண்டித்தடம் இருந்தது. அது எங்கள் பூமியின் வடக்கு எல்லை வரை வந்து நின்றுபோகும். எல்லையிலிருந்து மெயின் ரோடு வரை எங்கள் காடு, அதாவது விளைநிலம். ஆட்கள் வரப்பில் நடந்து போவார்கள். வண்டியோ சைக்கிளோ போக முடியாது.

மழை பொய்த்த ஒரு வருடத்தில் வறட்சி நிவாரண வேலையாக அந்த ஊருக்கு ஒரு கிராவல் ரோடு ஒதுக்கினார்கள். எந்த வழியாகப் போடுவதென்று பார்த்து எழுத வேண்டியவன் நான். வழி இரண்டு. ஒன்று நேர்வழி. வண்டித்தடத்திலேயே வந்து எங்கள் பூமியில் இருபதடி அகலம் எடுத்துக்கொண்டால் போதும், இரண்டு கிலோமீட்டரில் மெயின் ரோடு. இன்னொன்று புறம்போக்கு வழியாக மேற்கே சுற்றி, ஒரு பள்ளத்தைத் தாண்டி, ஐந்து கிலோமீட்டர். பள்ளம் என்று நாங்கள் சொல்வது காட்டு ஓடையை. அது கீழே போய்க் காவிரியில் விழும்.

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், வாய் அடங்காதவர். டீக்கடையில் உட்கார்ந்து, 'எங்க மாப்ள அவங்கப்பன் காட்டையே அறுத்து எங்களுக்கு ரோடு உடறான் பாரு' என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்தால், "ஏ மாப்ள, நெசமாலும் டேப்பு புடிச்சு அளப்பயா, இல்ல காயிதத்துலயே அளந்து முடிச்சுப் போடுவயா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அவர்கள் மகள் மல்லிகாவுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. கணக்கில் கெட்டிக்காரி. நான் அங்கே போனால் என் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். "மாமா, ரோடு வந்தா நானு வேலூருக்கு சைக்கிள்லயே பெரிய பள்ளிக்கொடத்துக்குப் போலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். போகலாம் என்று சொன்னேன்.

3

நேர்வழி எங்கள் கொடிக்கால் நடுவில் போனது. வெற்றிலைத் தோட்டத்தைக் கொடிக்கால் என்போம். அதற்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். குளிக்காமலும் நுழையமாட்டார்கள். அளக்க வந்த என் ஆட்கள் இரண்டு பேரும் வரப்பிலேயே நின்றுகொண்டார்கள். "நாங்க காலைல மேலுக்கு ஊத்திக்கலீங்க, நீங்களே உள்ள போங்க சார்" என்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அகத்தி மரங்களுக்கு இடையில் தனியாக டேப்பை இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா உள்ளே கொடி கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் நனைத்த சம்பு நார். ஒவ்வொரு கொடியையும் அகத்தியோடு அணைத்து, இறுகாமல் முடிச்சுப் போடுவார். நான் அளவுக்கு முளை அடிப்பதைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோடு இப்பிடித்தான் வருதா சாமி?"

"பாத்துட்டு இருக்கறனுங்கப்பா. இன்னும் முடிவாகலீங்க."

இன்னொரு கொடியைக் கட்டினார். பிறகு கேட்டார்.

"ரோடுன்னா செருப்பப் போட்டுட்டு நடப்பாங்களா?"

"நடப்பாங்கல்லங்கப்பா."

"ம்."

அவ்வளவுதான். அந்த 'ம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சொந்த மகள் ஊருக்குப் போகும் ரோட்டுக்கு நிலம் தர மறுத்தார் என்ற பேச்சு அவருக்கு வரக்கூடாது என்று தோன்றியது. அவர் மறுக்கவேண்டிய அவசியமே வராமல் செய்துவிட்டால்?

மறுநாள் அலுவலகத்தில் பார்வைக் குறிப்பு எழுதினேன். 'மேற்படி நிலம் வாய்க்கால் கசிவினால் சதுப்பாக உள்ளது. ரோடு அமைக்க லாயக்கற்றது. மேற்கு வழியில் ஓடையின் குறுக்கே தரைப்பாலம் அமைத்தால் போதுமானது. தண்ணீர் தேங்க வாய்ப்பில்லை.' இரண்டும் பொய். எங்கள் பூமி மெத்தையைப் போல நல்ல மண். ஓடையோ, காவிரியில் வெள்ளம் வந்தால் எதிர்த்து ஏறும். ஆற்றுத் தண்ணீர் ஓடை வழியாக மேல்நோக்கி வருவதைச் சிறு வயதில் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்பாவுக்காகச் செய்தேனா, மச்சானின் வாயை அடைக்கச் செய்தேனா, நல்ல பூமி போய்விடும் என்று எனக்கே ஆசை இருந்ததா? ஐம்பது வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பதில் வருகிறது. அப்பாவிடம் 'ரோட்டுக்கு விடலாமுங்களா' என்று இரண்டே வார்த்தையில் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்பதற்கு மட்டும் எந்த நாளும் பதில் வரவில்லை.

4

மேற்கே சுற்றி ரோடு வந்தது. சிவப்பாக, புதிதாக, நன்றாகவே இருந்தது. மச்சான் என்னைத் தோளில் தட்டி, "சுத்தா இருந்தாலும் ரோடு ரோடுதான் மாப்ள" என்றார். மல்லிகாவுக்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கி, கேரியருக்குப் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தேன். அது பரிசா, வாயடைப்பா என்று எனக்கே தெரியாது.

வெற்றிலைக் கொடி எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று வருடம்தான் நிற்கும். பிறகு கொடிக்காலைக் கலைத்துவிட்டு வாழை வைப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ரோடு போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அப்பா கொடிக்காலைக் கலைத்தார். அகத்தி மரங்களை வெட்டிப் போட்டு வெட்டவெளியாக இருந்த இடத்தில் நின்று வடக்கே பார்த்தார். வண்டித்தடம் நேராகத் தெரிந்தது.

"கவர்மெண்டுக்காரனுக்குக் கண்ணு பொட்டையாடா சாமி? இப்பிடி நேரா உட்டிருந்தா அம்மிணிக்கு எத்தனை தூரம் கொறஞ்சிருக்கும்." அம்மிணி என்றது மகளை, என் அக்காவை.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கவர்மெண்டுக்காரன் நான்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இல்லை, தோன்றித்தான் அப்படிச் சொன்னாரா? அதுவும் தெரியவில்லை. "ஆமாங்கப்பா" என்றேன்.

மல்லிகா ஒன்பதாவது படித்த வருடம் ஐப்பசியில் மேட்டூர் அணை நிறைந்து காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அன்று எங்கள் பக்கம் மழை இல்லை. வானம் வெளுத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீரைப் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். நடுவில் போகும்போது தண்ணீர் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏறியது. சைக்கிள் போய்விட்டது. இவள் ஒரு வேலமரத்துக் கிளையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். ஆடு மேய்த்தவர் ஒருவர் கயிறு போட்டு இழுத்தார்.

சாயங்காலம் நான் போனபோது கட்டிலில் படுத்திருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் முள் கிழித்த காயம். என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

"மழையே இல்லீங்களே மாமா. தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு?"

அந்தக் கேள்வியை அன்றோடு மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். மே மாதத்தில் அதே சொற்களை என் வாயே சொல்லியிருக்கிறது.

"படிச்சது போதும்" என்று மச்சான் நிறுத்திவிட்டார். அக்கா என்னிடம், "தம்பி, நீ சொன்னா கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லுடா" என்று அழுதாள். நான் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தால் ரோட்டைப் பற்றிப் பேச வேண்டிவரும். பதினேழு வயதில் மல்லிகாவுக்கு உள்ளூரிலேயே கல்யாணமானது. அதற்கு அடுத்த வருடம் உதவித்தொகை கிடைத்து மேற்படிப்புக்கென்று இங்கே வந்தேன். வந்தவன் இருந்துவிட்டேன்.

5

இதையெல்லாம் அந்தப் பலகைக்கு அடியில் கதிருக்குச் சொன்னேன். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். கொடிக்காலை விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அவன் போனில் இருந்த வழிப் படத்தை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"மல்லிகா அத்தாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவா. 'மாமா போட்ட ரோட்டுலதான் இன்னும் முட்டை லோடு போகுது'ன்னு ஒரு தடவையாவது சொல்லுவா." அவளுக்கு இப்போது சின்னதாக ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது.

"எப்ப சொல்லப் போறீங்க?"

"இத்தனை வருசம் கழிச்சுச் சொல்லி என்ன ஆகப்போவுது?"

"எனக்குத் தெரியல அப்பா. எனக்கு ஏன் சொன்னீங்க?"

நாயோடு நடந்துவந்த ஒரு தீவுக்காரப் பெண் எங்கள் நனைந்த கால்சட்டையைப் பார்த்து, 'எல்லாம் சரியா?' என்று கேட்டாள். இங்கே அது வெறும் வணக்கம் மாதிரி. வந்த புதிதில் அதை நிஜக் கேள்வி என்று நினைத்து, கடைக்காரரிடம் என் வயிற்று வலியைப் பற்றி விவரமாகச் சொன்னவன் நான். பிறகு 'சரி, சரி' என்று சொல்லிப் பழகிவிட்டேன். அன்று என் வாயில் 'இல்லை' என்று வந்துவிட்டது. அவள் திகைத்துப் போய்க் கதிரைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் சைக்கிளில் போகவில்லை. கதிர் போனை மேசைமேல் வைத்து, மல்லிகாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"சொல்லுங்க மாமா. என்னுங்க பொங்கலா இப்ப, கூப்பிட்டிருக்கறீங்க? ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஒடம்பு நல்லாருக்குது சாமி. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

சொன்னேன். கோத்துச் சொல்ல முடியவில்லை. முளை அடித்தது, அப்பா கேட்டது, நான் எழுதியது, வேலமரம் எல்லாம் முன்பின்னாக வந்தது. முடித்தபோது அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கறயா சாமி?"

"இருக்கறனுங்க. அப்புச்சி கொடிக்கால் இருந்த எடம்னா, இப்ப வாழை நிக்குதே, அதுங்களா?" என் அப்பாவை அவள் அப்புச்சி என்பாள்.

"அதுதான்."

"அது இப்ப யாரு பேர்லீங்க இருக்குது?"

"என் பேர்லதான்."

"அப்ப உடுங்க."

எனக்குப் புரியவில்லை. "என்ன சாமி?"

"ரோட்டுக்கு உடுங்க மாமா. ஆத்துல தண்ணி வந்தா இன்னமும் பள்ளிக்கொடத்து வேன் வாரதில்லீங்க. ஆறேழு புள்ளைங்க ஊட்லயே கெடக்குதுங்க. பாலத்தை ரெண்டடி ஒசத்துனாங்க, அதுக்கு மேலயும் ஏறுது."

"மல்லிகா, நீ என்னைய..."

"அது கெடக்குதுங்க. மொதல்ல ரோடு."

வைத்துவிட்டாள். கதிர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். அவள் பேசியதில் பாதிதான் அவனுக்குப் பிடிபட்டிருந்தது. நிலம் கேட்கிறாள் என்றேன். "குட்" என்றான். "மன்னிச்சாங்களா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

6

நிலத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க நான் ஊருக்குப் போக முடியாததால் மல்லிகாவுக்கே அதிகாரப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. லண்டனுக்கு ரயிலேறி இந்தியத் தூதரகத்தில் வரிசையில் நின்றேன். என் இந்தியப் பெயரும் இங்கிலாந்துப் பாஸ்போர்ட் பெயரும் ஓர் எழுத்து வித்தியாசம். இருவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் 'கொடைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். ஒரு விரல் நீளம். வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் பொறுமையிழந்து, "பொது நன்மைன்னு போடுங்க சார், எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார். அப்படியே போட்டேன்.

பத்திரம் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு சிக்கல். பதிவறையிலிருந்து பழைய கோப்பை எடுத்துவிட்டார்கள். இதே நிலம் சதுப்பு, ரோட்டுக்கு லாயக்கற்றது என்று அந்தக் காலத்தில் ஓர் ஓவர்சியர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அதை எப்படி மீறுவது என்று கேட்டார்களாம். மல்லிகா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தாள் பழுத்திருந்தது. மை மங்கவில்லை. கீழே அவள் குரல் பதிவு:

"மாமா, பாத்தனுங்க. எழுத்து குண்டு குண்டா நல்லாருக்குதுங்க. ஒம்பதாவதோட நின்னவளுக்கே படிக்கச் சுளுவா இருந்துச்சு. இதுக்கு எதிரா நீங்களே ஒண்ணு எழுதித் தரோணுமாமுங்க."

நான்கைந்து முறை கேட்டேன். அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தட்டச்சு செய்யவில்லை. எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கையாலேயே எழுதினேன். மூன்று தாள் வீணானது. 'மேற்படி நிலம் சதுப்பு அல்ல. எக்காலத்திலும் சதுப்பாக இருந்ததில்லை. அக்குறிப்பு பொய் என்று தெரிந்தே எழுதப்பட்டது. எழுதியவன் நானே.' படித்துக் காட்டச் சொன்னான் கதிர். படித்தேன்.

"சதுப்புன்னா என்ன அப்பா?"

"நாம ஞாயித்துக்கெழமை சைக்கிள் ஓட்டறமே, ரெண்டு பக்கமும் சேறும் புல்லும் தண்ணியுமா, அதுதான்."

"இங்க அது மேலேயே ரோடு போட்டிருக்கீங்களே."

ஆமாம். உண்மையான சதுப்பின் மேல் முப்பது வருடத்துக்கு மேல் பாதை போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. போன வாரம் அளந்துவிட்டார்களாம். வாழைக்கு இடையில் அடித்த முளை ஒன்றின் படம் வந்தது. முளைக்குப் பக்கத்தில் ஒரு கால், ரப்பர் செருப்போடு. அது மல்லிகாவின் கால்தான். உடனே கூப்பிட்டேன். இந்த முறை கேட்டே விட்டேன்.

"என்னைய மன்னிப்பயா சாமி?"

"அதெல்லாம் எனக்கு இப்ப சொல்லத் தெரியலீங்க மாமா" என்றாள். "ரோடு முடியட்டும். வாங்க. செருப்பப் போட்டுட்டே நடந்து பாருங்க."

சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று போனில் தெரியவில்லை.